வறட்டிக்கு அடியில் கிடந்த கோட்டை

முதலில் மிட்டாதார் விசயரங்கம் சேரியின் குளத்தைப் பிடுங்கினார். அடுத்துச் சுடுகாட்டுப் பாதையை அடைத்தார். கடைசியில், காணாமல்போன தம் மூதாதையர் கோட்டை சேரிக்கு அடியில்தான் புதைந்திருக்கிறது என்று சொல்லி, குடிசைகளைக் காலிசெய்யத் தாசில்தாரையே கூட்டிவந்தார்.

அவர் பங்களாவில் வறட்டி தட்டும் சடைச்சி முன்னே வந்தாள்.

"சாமி, கோட்டைக் கல்லு இருக்கிற இடத்துல யார் குடியிருந்தாலும் வெளியேறணுமா?"

"எவனா இருந்தாலும் வெளியேறணும்டி, கழுதை!"

"தாசில்தாரய்யா, அதை அப்படியே உத்தரவா எழுதுங்க."

எழுதியானதும், எல்லாரையும் பங்களாவின் பின்கட்டுத் தொழுவத்துக்கு அழைத்துப்போய், சுவரிலிருந்த வறட்டிகளைப் பெயர்த்தாள். கோட்டையின் பெயர் பொறித்த கற்கள் பல்லிளித்தன.

"இவரு தாத்தாவே கோட்டையை இடிச்சுக் கட்டின பங்களாங்க இது. சாமி தொழுவத்துல காலே வெச்சதில்லை, பாவம்!"

தாசில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெளியேற வேண்டியவரின் பெயரை ஊரார் முன் உரக்க வாசித்தார்: "மிட்டாதார் விசயரங்கம்."