தலை வலிக்காத வரையாடு

மலை உச்சியில் ஒரு வரையாட்டுக் கூட்டம் இருந்தது. எல்லாரும் மேயும்போது ஒருவர் மட்டும் உயரமான பாறையில் நின்று சிறுத்தை வருகிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்தக் காவல் வீரக்கொம்பனுடையது. அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பாறை இடுக்கில் ஒரு கஞ்சாச் செடி. தினமும் அதில் நாலு இலை மென்றுவிட்டுத்தான் காவலுக்கு ஏறுவான்.

பக்கத்து மரத்தில் குப்பாயி என்ற கருங்குரங்கு இருந்தாள். தோட்டத் தொழிலாளிகளின் தூக்குவாளியைத் திறந்து காப்பி குடிப்பதே அவளுக்குப் பிழைப்பு. அன்று வாளி சிக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"காப்பிக்கு அடிமை!" என்று வீரக்கொம்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னைப் பாரு! இலை திங்காட்டி எனக்குத் தலை வலிக்குமா, கால் நடுங்குமா? நினைச்சா இன்னிக்கே விட்டுடுவேன்!"

குப்பாயிக்குச் சுருக்கென்றது. "ரெண்டு பேரும் ஏழு நாள் விடுவோம், கொம்பண்ணே! நான் தோத்தா இந்த மரத்தையே விட்டுப் போறேன். நீ தோத்தா உன் காவல் எனக்கு!"

"பூ, இவ்வளவுதானா!" என்றான் வீரக்கொம்பன். கூட்டமே சாட்சி.

குப்பாயி மூன்று நாள் பட்ட பாடு சொல்லி முடியாது. பார்க்கவே பாவமாக இருந்தது. நாலாம் நாள் எழுந்தாள், சோம்பல் முறித்தாள், கொழுந்து தின்னக் கிளம்பிவிட்டாள்.

வீரக்கொம்பனுக்கு ஒரு வலியும் இல்லை. ஆனால் பொழுது விடிந்தது பிடிக்கவில்லை. புல் பிடிக்கவில்லை. மேகம்கூடத் தன்னைப் பார்த்து முறைப்பதாகத் தோன்றியது.

'செடி வாடியிருக்குமோ, பாவம்!' என்று பார்க்கப் போனான். 'மோந்து பார்த்தால் தின்றதாகுமா?' என்று மோந்தான். 'தானாக உதிர்ந்த இலை கணக்கில் வராதே!' என்று நினைத்தவன், செடியை ஓங்கி ஒரு முட்டு முட்டினான்!

ஆறாம் நாள் வாய் நிறைய இலையோடு பிடிபட்டான்.

"எங்கே வலிச்சுது, அண்ணே?" என்று குப்பாயி கேட்டாள்.

"எங்கேயும் வலிக்கல!"

"பின்னே ஏன் தின்னே?"

"அது இல்லாம சும்மா நின்னு பாத்தேன், குப்பாயி. முடியல!" என்று வீரக்கொம்பன் ஓவென்று அழுதான்.

குப்பாயி காவல்பாறையில் ஏறினாள். வீரக்கொம்பன் அவமானம் தாங்காமல் கீழே குட்டிகளோடு குட்டியாக மேய்ந்தான்.

உடம்பு வலித்தால்தான் அடிமை என்றில்லை. ஒன்று இல்லாமல் பொழுதை ஓட்ட மனம் மறுத்தால் அதுவும் அடிமைத்தனமே.