பாறைமேல் நாற்பது எறும்புகள்

மலையடிவாரக் காட்டில் ஓர் இலுப்பை மரம் நின்றது. அதன் வேரடியில் கட்டெறும்புகள் புற்றமைத்து வாழ்ந்தன. இறைவன் அவற்றுக்கு மங்கிய கண்களைக் கொடுத்தான். அதற்கு ஈடாக வயிற்றில் ஒரு மணத்தைக் கொடுத்தான். முன்னே செல்லும் எறும்பு அந்த மணத்தைத் தரையில் தடவிச் செல்லும். பின்னே வருவது அதை முகர்ந்து நடக்கும். வரிசையை விட்டு விலகுவதே அங்கே பெருங்குற்றம்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஓடை திசை மாறியது. தலைமுறை தலைமுறையாக இரை சுமந்து வந்த பாதை வெள்ளத்தோடு போயிற்று. புற்றுக்குள் பிள்ளைகள் பசியால் வாடின.

வேலைகளை மேற்பார்த்தவன் நெடுஞ்சிறகன். அவன் இறகுள்ள எறும்பு. கூர்மையான கண்ணும் உடையவன். காட்டின் மேலே ஒரு சுற்றுப் பறந்து வந்தான். சுமைக்காரர்களை அழைத்தான்.

“புதுவழி கண்டுவிட்டேன்! கிழக்கே ஒரு பாறை. பாறைக்கு அப்பால் வாகை மரம். அதனடியில் மழையில் செத்த வண்டுகள் குவிந்து கிடக்கின்றன. நாளைக் காலை நாற்பது பேர் புறப்படுங்கள்!”

அந்த நாற்பது பேருக்குத் தலைவி நுண்ணிடை. அவளுடைய தங்கை சிற்றடியும் அக்கூட்டத்தில் இருந்தாள்.

“ஐயா, தாங்கள் அந்த வழியில் நடந்து பார்த்தீர்களா?” என்று கேட்டாள் நுண்ணிடை.

“நடப்பதா? இறகிருக்க எனக்கென்ன தலையெழுத்து?”

“அப்படியானால் அங்கே ஒரு துளி மணமும் இல்லை. எங்களுக்கோ கண் போதாது. முதலில் நாங்கள் மூவர் போகிறோம். தாங்கள் தாழப் பறந்து கூடவே வாருங்கள். ஐந்தாறு முறை போய்வந்து தடம் பதித்துவிட்டால், மற்றவர்கள் தாமே வருவார்கள்.”

நெடுஞ்சிறகன் நகைத்தான். “நடை பழகுவதற்கு நீங்கள் என்ன கைக்குழந்தைகளா, அம்மா? நாளைக்கே இரை வந்துவிடும் என்று அரசியிடம் சொல்லியாயிற்று! எங்கே, எல்லோரும் வழியைச் சொல்லுங்கள்!”

“கிழக்கே பாறை! பாறைக்கு அப்பால் வாகை!” என்று நாற்பது வாய்களும் முழங்கின.

“கேட்டாயா? கற்றுக்கொண்டுவிட்டார்கள்!”

“வாய் கற்றுக்கொண்டது, ஐயா. கால் இன்னும் கற்கவில்லை.”

அதைக் கேட்க அவன் அங்கே இல்லை. அரசியைக் காணப் பறந்துவிட்டான்.

மறுநாள் வரிசை பாறைமேல் ஏறியது. முன்னே நடந்த நுண்ணிடை தடுமாறினாள். எத்திசையிலும் மணமில்லை. ஒரு மேட்டைச் சுற்றி வளைந்தாள். உடனே மூக்கில் மணம் தட்டியது!

“வழி கிடைத்துவிட்டது!” என்று பின்னிருந்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். அவளும் நம்பினாள்.

அது அவர்களே விட்டுவந்த மணம். வரிசையின் தலை வாலைத் தொட்டிருந்தது. சுற்றச் சுற்ற மணம் மிகுந்தது. மணம் மிக மிக, நடையில் உறுதியும் மிகுந்தது.

மேலே பறந்த நெடுஞ்சிறகன், அவர்கள் வட்டமிடுவதைக் கவனியாமல், அந்த நடையைக் கண்டு பூரித்தான். “ஒருவர்கூட நிற்கவில்லை, அரசியாரே! என்ன வேகம்! என்ன ஒழுங்கு!” என்று புற்றுக்குப் போய் அறிவித்தான்.

மூன்றாம் சுற்றில் நுண்ணிடைக்கு உண்மை புரிந்தது. “நில்லுங்கள்! நாம் நம்மையே பின்தொடர்கிறோம்!” என்று கூவினாள். யாரும் நிற்கவில்லை. தங்கையின் காலைப் பற்றி இழுத்தாள்.

“விடு அக்கா! எல்லோரும் பார்க்கிறார்கள்! மணம் எங்கேயாவது பொய் சொல்லுமா?”

“சொல்கிறதடி! என்னோடு வா!”

“வரிசையை விட்டவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்!” என்று உதறிவிட்டுச் சிற்றடி சுழலுக்குள் ஓடினாள்.

நுண்ணிடை தனியே கிழக்கு நோக்கித் தவழ்ந்தாள். உச்சிப்பொழுதில் வாகையைக் கண்டாள். அங்கிருந்து மணம் பதித்துக்கொண்டே பாறைக்கு மீண்டாள். மழை ஓய்ந்த வெயில் கொடியது. சுற்றிச் சுற்றிக் களைத்த வட்டம் அதில் வதங்கி அசைவற்றுக் கிடந்தது. சிற்றடியின் கால்கள் மட்டும் சற்று நேரம் நடப்பதுபோல் துடித்தன. பிறகு அவையும் நின்றன.

புற்றுக்குத் திரும்பியவளை நெடுஞ்சிறகன் வாயிலிலேயே மறித்தான்.

“வரிசையை உடைத்தவள் இவள்தான்! தலைவியே ஓடிவிட்டால் மற்றவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?”

அரசி அவளை விசாரிக்கவில்லை. “வெளியே போ!” என்றாள். நாளைக் காலை வேறு நாற்பது பேர் புறப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டாள்.

நுண்ணிடை அழவில்லை. புற்றுவாயிலிலிருந்து வாகைவரை, வாகையிலிருந்து புற்றுவாயில்வரை, அந்தி சாயுமளவும் நடந்தாள். ஒவ்வொரு முறையும் தங்கையின் உடலைக் கடந்தே போக வேண்டியிருந்தது. ஆறாவது நடையில் அவள் கால்கள் மடிந்தன. வாகையடியிலேயே அவள் உயிர் அடங்கியது.

மறுநாள் அந்தத் தடத்தில் நாற்பது பேரும் பிழையின்றிச் சென்றார்கள். வண்டுகளைச் சுமந்து திரும்பினார்கள்.

“பாருங்கள் அரசியாரே! நான் கண்ட வழியில் குற்றமில்லை. முன்பு போனவர்கள்தாம் கவனமற்றவர்கள்!” என்றான் நெடுஞ்சிறகன். அரசி அவனைப் புகழ்ந்தாள்.

தாம் முகர்ந்து நடந்த மணம் யாருடையது என்று, வாகையடியில் அவள் உடலைக் கண்ட அந்த நாற்பது பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பழகிய வழியை மாற்றுகிறவர் தாமும் உடன் நடந்து பிறரைப் பழக்க வேண்டும். ஆணையிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று ஒதுங்குபவர், வழியில் வீழ்ந்தவர்களின் பழியைத் தாமே சுமக்கிறார்.