சூடாகாத கார்

ஊஞ்சப்பாளையத்துக்காரர்களுக்கு அறிவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அறிவு இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் சென்னியப்பனிடம் ஒரு பழைய கார் இருந்தது. காலையில் சாவியைத் தொட்டாலே உறுமும். ஓட்டிப்போய் நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் மறுபடி கிளப்பினால் மட்டும் இருமிக்கொண்டே கிடக்கும். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படியே இருமியது. வழியனுப்ப வாசலுக்கு வந்தவர்கள் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்து, உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்து மறுபடியும் ஆட்டினார்கள்.

பெண்ணின் அப்பா பொங்கியண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"வர்ற வெள்ளிக்கெழம வாங்க தம்பி. என்ற வாசல்ல ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகோணும். ஆச்சுன்னா அன்னைக்கே பூ வெச்சுக்கலாம். ஆகலீன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அந்தப் பெண் மயிலாத்தாளைச் சென்னியப்பனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. இரண்டாம் தடவை கையாட்டும்போது அவள் மட்டும்தான் சிரித்தாள்.

மெக்கானிக் தங்கவேலு பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டரை மாட்டிக் கொடுத்தார். "இது பெட்ரோலோட அழுத்தத்தக் காட்டும். நல்லா ஓட்டிட்டு எஞ்சின நிறுத்துங்க. முள்ளு அப்படியே நிக்கோணும். கீழ எறங்குச்சுன்னா வால்வு போச்சு. பாத்துட்டுப் போன் பண்ணுங்க."

சென்னியப்பனும் அவன் பங்காளிகள் இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள். எஞ்சினை நிறுத்தியதும் முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"அய்யோ, எறங்குதுடா!" என்று பங்காளி நாச்சிமுத்து பதறினான். "எறங்குனா வால்வு போயிருமாமே!"

"போக உடுவமா?" என்றான் இன்னொரு பங்காளி குப்பணன். மீட்டர் கண்ணாடியைக் கழற்றி, முள்ளை மேலே தூக்கி, வீட்டுக்காரியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வாங்கி வந்து அழுத்தமாக ஒட்டினான். அதன்பிறகு முள் அசையவே இல்லை. ஒரு வால்வைக் காப்பாற்றிய நிம்மதியில் மூவரும் டீ குடித்தார்கள்.

"முள்ளு நின்ன எடத்துலயே நிக்குதுங்க" என்று சென்னியப்பன் போனில் சொன்னான்.

தங்கவேலு குழம்பிப்போனார். "அப்ப வேறென்னமோ கோளாறு. சனிக்கெழம கொண்டாங்க, பாக்கறேன். அதுவரைக்கும் வண்டியச் சூடாக உடாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை அதைப் பற்றிக் கூடிப் பேசினார்கள்.

"ஓட்டுனா சூடாயிரும்" என்றான் சென்னியப்பன்.

"அப்ப ஓட்டாம கொண்டு போவோணும்" என்றான் நாச்சிமுத்து. இவ்வளவு சுலபமா என்று மூவருக்கும் ஆச்சரியம்.

வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார்கள். வெயில் படாமல் பானெட் மேல் ஈரத்துண்டு போட்டார்கள். ஒரு இறக்கத்தில் கார் தானாக ஓடத் தொடங்கியது. "ஓடுதே, சூடாயிருமா?" என்று குப்பணன் அலறினான். "எஞ்சின் ஓடலீடா, நாமதான் ஓடறோம்" என்று பின்னால் ஓடிக்கொண்டே சமாதானம் சொன்னான் சென்னியப்பன்.

பெண்வீட்டு வாசலில் காரைத் தள்ளி நிறுத்திய பிறகுதான் வீட்டார் வெளியே வந்தார்கள். சென்னியப்பன் வேர்வை சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கார் ஒரே உறுமலாக உறுமியது. சென்னியப்பனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பொங்கியண்ணன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். "இத்தன தூரம் வந்தும் பச்சத்தண்ணியாட்ட இருக்குதே! ஏறுங்க எல்லாரும். கோயிலுக்குப் போயிட்டு வந்து பூ வெச்சுக்கலாம்."

சென்னியப்பன் சட்டென்று எஞ்சினை நிறுத்தினான். "வேண்டாமுங்க மாமா, சூடாயிரும். தள்ளிட்டுத்தான் வந்தோமுங்க." சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

பொங்கியண்ணன் இன்னொரு தடவை பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தியா? வண்டியவே இப்படி நோகாம வெச்சிருக்காரு. நம்ம புள்ளைய எப்படி வெச்சுக்குவாரு!"

மயிலாத்தாள் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ள, இரண்டு வீட்டாரும் சேர்ந்து காரைக் கோயிலுக்குத் தள்ளினார்கள். சென்னியப்பன் சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டான்.

"மெதுவாத் தள்ளுங்க மாப்ள" என்றார் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த பொங்கியண்ணன். "சூடாயிரப் போவுது!"