சர்க்கரை சேர்க்காத கேக்

ஒரு காட்டில், கறையான்கள் விட்டுப்போன புற்றுக்குள் தணல் போட்டுக் கேக் சுடும் முள்ளெலி ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் சுருளி. பயம் வந்தால் உடனே பந்தாகச் சுருண்டுகொள்வாள். பயம் வராத நாளே கிடையாது. கேக் உப்பாமல் போய்விடுமோ என்று பயம். உப்பிவிட்டால், அமுங்கிவிடுமோ என்று பயம்.

அந்தக் காட்டுக்குத் தலைவர் ஒரு கரடி. நல்லவர். ஆனால் இனிப்பென்றால் உயிரை விடுவார். வாரம் தவறாமல் சுருளியின் கேக் ஒன்று அவர் குகைக்குப் போகும். சுமந்துகொண்டு போவது, அவரை மாமா என்று கூப்பிடும் நரி. வழியில் ஓரத்துத் துண்டு ஒன்று காணாமல் போகும். அதை யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் கரடியின் காலில் முள் தைத்தது. சின்ன முள்தான். ஆனால் ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. வைத்தியர் மரங்கொத்தி வந்து, மார்பில் இரண்டு தட்டும் முதுகில் இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, தலைவரே."

"எங்கே இருக்கிறது? நேற்றே தீர்ந்துவிட்டதே!" என்றார் கரடி.

"பானையில் இல்லை, உடம்பில். இரத்தத்தில் ஏறியிருக்கிறது. இனிமேல் சர்க்கரையைத் தொடக்கூடாது. தொட்டால் புண் ஆறாது. புண் ஆறாவிட்டால் கால் போய்விடும்."

கரடிக்கு வேர்த்துவிட்டது. அன்றே கட்டளை போட்டார்: "இனி எனக்குச் சர்க்கரை கொடுப்பவர் யாராக இருந்தாலும், காட்டைவிட்டு வெளியேற வேண்டும்!"

அதைக் கேட்ட சுருளி, ஓடிப்போய்த் தணலின்மேல் மண்ணை அள்ளிப் போட்டாள்.

மூன்றாம் நாள் நரி வந்தது.

"என்ன தங்கச்சி, அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது?"

"தலைவர் கட்டளை கேட்கவில்லையா, அண்ணே?"

"கேட்டேனே. சர்க்கரை கூடாது என்றார். கேக் கூடாது என்றாரா?"

"சர்க்கரை இல்லாமல் எப்படிக் கேக்?"

"தேன் எதற்கு இருக்கிறது? சர்க்கரை கரும்பில் வருவது. தேன் பூவில் வருவது. பெயரே வேறு! பாவம், மாமா மூன்று நாளாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்."

"வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு..."

"தாராளமாகக் கேள். அதற்குள் மாமாவுக்குக் கோபம் வந்தால் நான் பொறுப்பில்லை."

சுருளி பந்தாகிவிட்டாள். மெல்ல நிமிர்ந்தபோது நரி போயிருந்தது. அவள் முன்னால் ஒரு தேன் குடுவை இருந்தது.

சர்க்கரை போடும் அளவுக்கே தேனை ஊற்றினாள். கேக் மேலே கருகி, உள்ளே களியாக இருந்தது. ஆனால் சுருளி எதையும் உற்றுப் பார்ப்பவள். தேன் சீக்கிரம் சிவந்துவிடுகிறது என்று பார்த்தாள். தணலில் பாதியை வெளியே தள்ளினாள். தேனே ஈரம்தான் என்று பார்த்தாள். மாவில் ஊற்றும் தண்ணீரைக் குறைத்தாள். தேனையும் முக்கால் பங்காக்கி, ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டாள். மூன்றாவது கேக் பஞ்சுபோல வந்தது.

கேக் சரியாக வருமா என்றுதான் அவள் அத்தனை நேரமும் பயந்தாள். சரியாக வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயப்படத் தோன்றவில்லை.

"இதில் சர்க்கரை இருக்கிறதா?" என்று கரடி கேட்டார்.

"ஒரு துளிகூடக் கிடையாது, மாமா!" என்றது நரி.

கரடி முழுக் கேக்கையும் தின்று, இலையையும் நக்கினார்.

இரண்டு வாரம் போனது. ஓடைக்கரைப் புதருக்குள் நின்று சுருளி பார்த்தாள். தண்ணீர் குடிக்க வந்த கரடி நொண்டினார். அடுத்த வாரம் அந்தக் காலைத் தரையில் வைக்கவே இல்லை.

அவள் நரியிடம் ஓடினாள். "அண்ணே, தலைவருக்குப் புண் பெரிதாகிறது."

"தேன் சூடு, தங்கச்சி. அதுதான் உடம்பில் ஏறியிருக்கும். கருப்பட்டிக்கு மாறிவிடு. அதை மருந்துக்கே போடுகிறார்கள்!"

சுருளி கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவைத்துச் சேர்த்தாள். அந்தக் கேக்கும் நன்றாக வந்தது. கரடியின் கால் வீங்கியது.

"ஈச்சம்பழத்தை அரைத்துப் போடு. பழம் தின்று கெட்டவர்கள் உண்டா?" என்றது நரி.

அதுவும் நன்றாக வந்தது. கரடியின் பாதம் சுரைக்காய்போல் ஆனது.

சுருளிக்குச் சோறு இறங்கவில்லை. 'நான்தான் சர்க்கரை போடவில்லையே' என்று நூறு முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நூறு முறை சொல்லியும் மனசு கேட்கவில்லை.

ஒரு காலையில் புற்றடியில் மூன்று எறும்பு வரிசைகளைப் பார்த்தாள். ஒன்று பழைய சர்க்கரைப் பானைக்குப் போயிற்று. ஒன்று தேன் குடுவைக்கு. இன்னொன்று கருப்பட்டி மூட்டைக்கு. சுருளி வெகுநேரம் அசையாமல் நின்றாள். பிறகு அடுப்புத் தணலின்மேல் மண்ணை அள்ளிப் போட்டாள்.

அன்றைக்கே சபை கூடியது. மரங்கொத்தி காலின் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "யாரோ தலைவருக்குச் சர்க்கரை கொடுக்கிறார்கள். இன்னும் பதினைந்து நாள் இப்படிப் போனால் காலை எடுக்க வேண்டியதுதான்" என்றார்.

"யார்?" என்று கரடி உறுமினார்.

நரி முந்திக்கொண்டது. "கேக் சுடுபவள் சுருளி. நான் வெறும் சுமைகூலி. உள்ளே எதைப் போடுகிறாளோ, எனக்கென்ன தெரியும், மாமா?" பிறகு அவள் காதோரம் குனிந்தது. "சர்க்கரை போடவில்லை என்று சொல்லிவிடு. உண்மைதானே? நீயும் தப்பிக்கலாம், நானும் தப்பிக்கலாம்."

சுருளி பந்தாகிவிட்டாள்.

"யாராவது உதைத்துப் பாருங்கள், பேசுகிறதா என்று!" என்றது குரங்கு. எல்லாரும் சிரித்தார்கள்.

"சும்மா இருங்கள்!" என்றார் கரடி. "சொல் அம்மா. சர்க்கரை போட்டாயா?"

'இல்லை' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் வீடு மிஞ்சும், அடுப்பு மிஞ்சும். ஆனால் அடுத்த வாரமும் கேக் கேட்பார்கள். முட்களின் இடுக்கு வழியாக அவளுக்கு எதிரே தெரிந்தது அந்த வீங்கிய கால் ஒன்றுதான்.

சுருளி நிமிர்ந்தாள்.

"ஐயா, மூன்று இலை போட வேண்டும்."

"இங்கே என்ன கல்யாணப் பந்தியா?" என்றது நரி. அதன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

புற்றுக்குப் போய் எடுத்துவந்து, ஓர் இலையில் சர்க்கரை வைத்தாள். ஒன்றில் தேன். ஒன்றில் கருப்பட்டி. சபை காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்தன. மூன்று இலைக்கும் பிரிந்து போயின.

கரடி குனிந்து, "ஏ எறும்பே! இதில் எது சர்க்கரை?" என்று கேட்டார்.

எறும்பு தலையைக்கூடத் தூக்கவில்லை. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, ஐயா. இனிப்பாக இருந்தது, வந்தோம்."

"உங்கள் இரத்தத்துக்கும் தெரியாது, தலைவரே" என்றார் மரங்கொத்தி.



"நான் சர்க்கரை போடவில்லை, ஐயா" என்றாள் சுருளி. "இனிப்பைத்தான் வேறு வேறு பெயரில் போட்டேன். எல்லாம் ஒன்றுதான் என்று இன்று காலைதான் தெரிந்தது. ஆனால் கால் வீங்குவதை முதலிலேயே பார்த்தேன். பார்த்தும் வைத்தியரிடம் கேட்கப் பயந்தேன். நான் போய்விடுகிறேன்."

கரடி மூன்று இலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒவ்வொரு வாரமும் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். பிறகு ஏன் இனிக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. என் நாக்குக்குத் தெரிந்தேதான் இருந்தது" என்றார். பிறகு திரும்பினார். "ஒரு துளிகூடக் கிடையாது என்று சொன்ன மருமகன் எங்கே?"

நரி கூட்டத்தின் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. "மாமா, என்னை விரட்டிவிடாதீர்கள்!"

"சே சே! விரட்டுவேனா? நாலு ஊர் பார்த்துவிட்டு வரச்சொல்லி வழியனுப்புகிறேன். திரும்பி மட்டும் வராதே. பெயரே வேறு, பார்த்தாயா?"

குரங்கு கிளையில் விழுந்து விழுந்து சிரித்தது.

கரடி சுருளியிடம், "கட்டளைப்படி நீயும் போக வேண்டியவள்தான். ஆனால் தப்பிக்க வழி இருந்தும் வாயைத் திறந்தவள் நீ. அதனால் இங்கேயே இரு. தினமும் வந்து இந்தக் காலைப் பார். அதுதான் உனக்குத் தண்டனை" என்றார்.

அது லேசான தண்டனையா என்ன? சுருளி தினமும் குகைக்குப் போனாள். வெறுங்கையோடு போக மனம் வராமல், மிளகு தட்டிப் போட்ட கொள்ளு அடை ஒன்றைக் கொண்டுபோனாள்.

"வாயில் வைக்க முடியவில்லை" என்றார் கரடி. தின்றார். கட்டு அவிழும்போதெல்லாம் அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒன்பது நாள் எந்த மாற்றமும் இல்லை. பத்தாம் நாள் புண்ணின் ஓரம் காய்ந்திருந்தது. மரங்கொத்தி முதல் முறையாக முகத்தைச் சுளிக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் ஈர விறகு தீப்பிடிக்காமல் அடை தாமதமாயிற்று. சுருளி புகைக்குள் ஊதிக்கொண்டிருந்தாள். வெளியே சருகு நொறுங்கியது. எட்டிப் பார்த்தாள்.

நான்கு காலும் தரையில் பட, கரடியே நடந்து வந்திருந்தார்.

"அடை என்ன ஆயிற்று, அம்மா? பசிக்கிறது."

நீதி: கெடுதலின் பெயரை மாற்றினால், கெடுதல் மாறிவிடாது.