ஆகாசத்துக் கெழவனும் கடல் பச்சையும்

ஒரு கடக்கரை ஊர்ல ஒரு ஜெசிந்தா இருந்தா. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

அவளுக்கு வேலை, கடலோட நிறத்தைப் பாக்குறது. கரையில நின்னு இல்ல, ஆகாசத்துலேருந்து! மேல ஒரு சாட்டிலைட்டு பத்து வருசமா சொய்ங் சொய்ங்னு சுத்திக்கிட்டு, கடல் எங்க நீலம், எங்க பச்சைன்னு படம் புடிச்சு அனுப்பும். ஆபீஸ்ல எல்லாரும் அதைக் கெழவன்னுதான் கூப்பிடுவாங்க. பச்சைன்னா என்ன தெரியுமா? பாசி. கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிப் பாசி. நம்ம பஸ்ஸும் லாரியும் புஸ்ஸு புஸ்ஸுன்னு புகை விடுதுல்ல, அது கொஞ்சம் கடல்ல போயி கரையும். அதைப் பாசி தின்னும். பாசிய மீன் தின்னும். மிச்சம் செத்துப்போயி மெதுவா, மெதுவா கடலுக்கு அடியில போயி உக்காந்துக்கும், புகையில இருந்த கரியோட. அப்போ பச்சை எவ்வளவுன்னு தெரிஞ்சா, கடல் எவ்வளவு புகை தின்னுச்சுன்னும் தெரிஞ்சுரும்ல?

ம் சொல்லிட்டியா? சரி.

அப்புறம் ஒரு நாள் பெரிய சார் சொன்னாரு, "கெழவனுக்குக் கண்ணு கெட்டுப்போச்சும்மா. இந்த வாரத்தோட அணைச்சிரலாம். அவன் அனுப்புன பத்து வருசப் படத்தையும் தூக்கிப் போட்டுரலாம்."

ஜெசிந்தா பதறிப்போனா. பத்து வருசம் முன்னாடி கடல் எப்படி இருந்துச்சுன்னு இனிமே யாரு போயி பாக்க முடியும்? "சார், அவன் இன்னும் மூணு தடவ இந்தப் பக்கம் வருவான். அவன் பாக்குற அதே நேரத்துல, அதே தண்ணிய நான் மொண்டு, அவன் சொல்றது சரியான்னு அளந்து பாக்குறேன்"னா.

அப்புறம் மொத நாள், மீன் புடிக்கிற கஸ்பார் அண்ணனோட போட்டுல போனா. டுபு டுபு டுபு. அலை தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. உவ்வே, உவ்வே! குடிச்ச கஞ்சி பூரா கடலுக்கு. ஆனா உச்சிப் பொழுதுல கெழவன் மேல வந்ததும், வாளிய எறக்கினா. சளக்! வெள்ளைக் காகிதத்துல வடிகட்டினா, பச்சை ஒட்டிக்கிச்சு. கரைக்கு வந்து அளந்தா மூணு பங்கு. கெழவன் சொன்னதோ ரெண்டு.

ரெண்டாம் நாள் ஒரே மேகம். மேகம் மறைச்சா அவனுக்கு எங்க தெரியும்? "வெலகு, வெலகு"ன்னு கெஞ்சினா. கடைசி நிமிசத்துல வெலகுச்சு. சளக்! அப்போ கஸ்பார் அண்ணன் காதோட காதா, "தண்ணியக் கொஞ்சம் கொறச்சு வடிகட்டுவோமா? பச்சையும் கொறஞ்சு, கெழவன் கணக்கோட ஒத்துப்போயிரும். நான் யாருட்டயும் மூச்சு விடல"ன்னாரு. அவளுக்கும் ஆசைதான். வாளியவே பாத்துக்கிட்டு நின்னா. "வேணாம்ணே. அப்புறம் பத்து வருசமும் பொய்யாயிரும்"னா. அளந்தா ஆறு. கெழவன் சொன்னது நாலு. அன்னைக்கு அவளுக்குச் சோறே எறங்கல.

மூணாம் நாள் எஞ்சின் டர்... டர்... புஸ்ஸு! நின்னுபோச்சு. நீரோட்டம் இழுத்துட்டுப் போயி நல்ல பச்சைக்கு நடுவுல விட்டுருச்சு. சளக்! எப்படியோ கரை சேந்து அளந்தா ஒம்பது. கெழவன் சொன்னது ஆறு.

தூங்கிட்டியா? இல்லையா? அப்போ நீயே பாரு. மூணுக்கு ரெண்டு. ஆறுக்கு நாலு. ஒம்பதுக்கு ஆறு. எப்பவும் மூணுல ஒண்ணு கொறச்சல்! அவ ஓடிப்போயி ஆபீஸ் அலமாரியத் தொறந்தா. பத்து வருசமா யார் யாரோ வடிகட்டிக் காய வச்சு, தேதியும் அளவும் எழுதி வச்ச பழைய காகிதமெல்லாம் கெடந்துச்சு. எடுத்து அந்தந்த நாள் கெழவன் அனுப்புன படத்தோட ஒத்துப் பாத்தா, அதுலயும் அதே கொறச்சல்.

"சார், அவன் கண்ணு கெட்டுப்போகல. பொறந்ததுலேருந்தே ஒரே மாதிரி மங்கல்"னு மூச்சு வாங்க வந்து நின்னா.

"கண்ணு மங்கலானவன வச்சு என்னம்மா பண்றது?"

"உங்க மூக்கு மேல என்ன சார் இருக்கு?"

சார் தடவிப் பாத்தாரு. கண்ணாடி! குபீர்னு சிரிச்சிட்டாரு.

அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் விட்டுப்போன பங்கைச் சேத்து எழுதினாங்க. கெழவனுக்குப் போட்ட கண்ணாடி அதுதான். பத்து வருசமும் பொழச்சுது. அப்போ பாத்தா, நாம நெனச்சத விட அந்தக் கடல் எவ்வளவோ புகைய வாங்கித் தின்னுருக்கு. ஒருத்தரும் அதுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. ஜெசிந்தா கரைக்குப் போயி, காலை நனைச்சுக்கிட்டு, "தெரியாமப் போச்சு, கோவிச்சுக்காத"ன்னா. அப்புறம் அண்ணாந்து பாத்துக் கையாட்டினா. பகல்ல கெழவன் எங்க தெரிவான்? இருந்தாலும் ஆட்டினா.

ம் சத்தத்தைக் காணோமே? சரி. என் கண்ணாடியையும் மடிச்சு வச்சாச்சு, கதையையும் மடிச்சு வச்சாச்சு. தூங்கு.