மண் சுமந்த ஆகாய ரதம்

மேகத்துக்கும் வரி போடலாமா என்று ராஜாக்கள் யோசித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முகிலூர் என்ற மலைநாட்டை வெண்குடையான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவான். மாற்றியதைச் சாயங்காலம் மறந்துவிடுவான். அவனிடம் மூன்று ஆகாய ரதங்கள் இருந்தன. எப்படிப் பறந்தன என்று என்னைக் கேட்காதீர்கள். கதையில் ரதம் பறக்கும், அவ்வளவுதான்!

மலையிலிருந்து கடற்கரைப் பட்டினத்துக்கு மாட்டுவண்டியில் போனால் ஆறு நாள். ரதத்தில் ஒரே காலைப்பொழுது. திருவிழா மாதத்தில் நாற்பது ஆசனமும் நிரம்பி வழியும். மற்ற மாதங்களில் ஐந்தாறு பேர் வந்தாலே பெரிய காரியம். ஒரு நாள் அது ராஜாவின் கண்ணில் பட்டுவிட்டது.

"காலி ரதத்தை எதற்கு ஓட்டுவது? வருகிற பௌர்ணமியோடு மூன்றையும் கொட்டகையில் தள்ளிப் பூட்டுங்கள்!" என்றான்.

மந்திரி அறவாழி விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். அந்த ரதங்களை நம்பித் தொண்ணூறு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பூட்டிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

"மகாராஜா, ஆள் இல்லாத இடத்தில் சரக்கு ஏற்றலாமே? நம் மலைப் பூவும் வெற்றிலையும் வண்டியில் போய்ச் சேர்வதற்குள் வாடிப்போகின்றன..."

அவர் முடிக்கவில்லை, கம்பீரராயர் எழுந்துவிட்டார். இந்த ராயருக்கு அரசவையில் ஒரே உத்தியோகம், ராஜாவின் கௌரவத்தைக் காப்பது. ஒரே ஆசை, அறவாழியின் மந்திரித் தலைப்பாகை.

"ஐயையோ! பிரபுக்கள் அமரும் ரதத்தில் மூட்டை முடிச்சா? இன்றைக்குப் பூ என்பார், நாளைக்குக் கருவாடு என்பார். முகிலூர் ராஜா சுமை தூக்குகிறார் என்று பட்டினமே சிரிக்கும், மகாராஜா!"

ராஜாவின் முகம் சிவந்தது. "என் ரதத்தில் ஒரு மூட்டை ஏறக் கூடாது! அறவாழி, இனிமேல் சரக்கு என்று வாயைத் திறந்தீரோ, உம் தலைப்பாகை ராயருக்கு!"

பாவம் அறவாழி, தொங்கிய முகத்தோடு ரதக் கொட்டகைக்குப் போனார். எப்படி இந்தச் செய்தியைச் சொல்வது? அங்கே ரதம் ஓட்டுகிற செங்கேணி, ஆட்களோடு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"ஆத்து மணலுங்க ஐயா. ஆசனம் காலியா இருந்தா காத்து ரதத்தைப் புரட்டிப்போடும். அதான் ஆள் குறைஞ்ச நாள்ல ரதத்தோட அடிவயித்துல அறுபது மூட்டை. அங்கே போய்க் கொட்டிட்டு, திரும்பறப்போ கடல் மணலை ரொப்பிக்குவோம்."

அறவாழி அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

மறுநாள் அவையில் பவ்வியமாகக் கேட்டார்: "மகாராஜா, ஒரு மூட்டையும் கூடாது என்ற ஆணையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றட்டுமா?"

"இதையும் கேட்க வேண்டுமா? ஒன்று இருந்தாலும் இறக்கும்! நானே ஏறிப் பார்க்கிறேன். ராயரே, வாரும். அறவாழி, நீரும்தான்!"

இதை மட்டும் அறவாழி எதிர்பார்க்கவில்லை. மனிதருக்கு அரண்மனை மாடியில் நின்றாலே தலை சுற்றும். ஆனால் இப்போது பின்வாங்க முடியுமா? 'ரெண்டு பனைமர உயரத்துக்கு மேலே போகாதே தாயே' என்று செங்கேணியின் காதில் மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

மூட்டை இல்லாத ரதம் எழும்பியது. எழும்பியதும் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, அப்புறம் ஊஞ்சலாட ஆரம்பித்தது. ராயர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய தலைப்பாகை பறந்து பனைமரத்தில் மாட்டிக்கொண்டது. அறவாழி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டார்.

"இறக்கு! இறக்கு!" என்று ராஜா அலறினான்.

கீழே வந்ததும் செங்கேணியைப் பிடித்துக்கொண்டான். "ரதத்துக்கு என்ன கேடு வந்தது?"

"ரதம் நல்லாத்தான் இருக்குங்க. எப்பவும் இருக்கிற மூட்டையை இன்னிக்கு இறக்கச் சொல்லிட்டீங்களே!"

"எந்த மூட்டை?"

அவள் கை காட்டினாள். கொட்டகை ஓரத்தில் மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. ராஜா வாளால் ஒன்றைக் கீறினான். மணல் சரசரவென்று அவன் காலடியில் கொட்டியது.

அறவாழி ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "ரதம் ஓட ஆரம்பித்த இந்தப் பதினோரு வருஷமாகத் தாங்கள் சுமை தூக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், மகாராஜா. அதுவும் எதை? மணலை. எங்கே? கடற்கரைக்கு!"

ராஜா அவரை முறைத்தான். மணலை முறைத்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு!

"இருந்தாலும்... கருவாட்டு நாற்றம்..." என்று ராயர் முனகினார்.

அறவாழி குறுக்கிட்டார்: "கருவாடு வேண்டாம் ராயரே. உப்பும் நெல்லும் ஆறு நாள் பொறுக்கும், வண்டியிலேயே போகட்டும். பொறுக்காத பூவும் வெற்றிலையும் மருந்தும் மணலுக்குப் பதிலாக ரதத்தில் போகட்டும்."

"அப்படிப் போடும்! நாளைக்கே சரக்குக்கென்று பத்து ரதம் கட்டும்!" என்று துள்ளினான் ராஜா.

"அவசரம் வேண்டாம், மகாராஜா. முதலில் இருக்கிற ரதங்களின் வயிறு நிரம்பட்டும். ஏற இடமில்லாமல் மூட்டைகள் வாசலில் காத்துக் கிடந்தால், அப்புறம் ஒன்று கட்டுவோம்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழிக்குப் போட்டான். ராயரைப் பார்த்து, "நாற்றத்துக்கு இவ்வளவு பயப்படுகிறீரே, இனி ரதத்தில் ஏறுகிற ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து அனுப்புவது உம் வேலை. வாடை அடித்தால் யாருடையதானாலும் ஏற்றாதீர்!" என்றான்.

பௌர்ணமி வந்தது, போனது. கொட்டகைப் பூட்டை யாரும் தேடவில்லை. முகிலூர் மல்லிகை பட்டினத்தில் போய்த்தான் மொட்டவிழ்ந்தது. ராயரும் நாள் போகப் போக உத்தியோகத்தில் ருசி கண்டுவிட்டார்.

ஒரு நாள் ராஜா பட்டினம் போக வந்து படியில் கால் வைத்தான். ராயர் கையை நீட்டி மறித்தார்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா, கொஞ்சம் ஊதுங்கள்... பூண்டு ரசம்! ஏற்ற முடியாது."

ராஜா திரும்பி அறவாழியைப் பார்த்தான். அறவாழி வானத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு ராஜாவின் ஆசனத்தில் நாலு கூடை மல்லிகை உட்கார்ந்து போயிற்று. கீழே நின்று ராஜா கையாட்டினான்.