ராஜாவை எழுப்பிய இரண்டு வேலைக்காரர்கள்

வெகு காலத்துக்கு முன்னே, கல்லும் வெயிலும் மிகுந்த செங்காட்டு நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. தன் உத்தரவில்லாமல் நாட்டில் ஒன்றும் அசையாது என்று நினைப்பு வேறு. அந்த நினைப்புக்குத் தூபம் போட்டுக்கொண்டே இருந்தவர் கோட்டை வேலைகளை மேற்பார்க்கும் மணியம் சந்திரசூடர். மந்திரி அறவாழியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அந்தக் கோடையில் புதுக் கோட்டைச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க ஒரு தரம், ஒதுங்க ஒரு தரம் என்று ஆட்கள் வேலையை விட்டு நகர்வது சந்திரசூடருக்குப் பொறுக்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று கட்டளை போட்டார். குடித்தால்தானே ஒதுங்கப் போவார்கள்! இந்த யோசனை ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சில நாளில் கல்தச்சன் சடையனின் மனைவி காமாயி சபைக்கு ஓடிவந்து விழுந்தாள்.

"மகாராசா, எம்புருசன் நாக்கு வறண்டு, கண்ணு குழிஞ்சு கெடக்காரு. நேத்துலேர்ந்து ஒரு சொட்டு நீர் பிரியல!"

ராஜா காதைப் பொத்திக்கொண்டான். "சீ! சபையில் பேசுகிற பேச்சா இது? இன்னொரு தரம் இந்த வார்த்தை இங்கே கேட்டால் நாக்கு இருக்காது!"

சந்திரசூடர் சிரித்தார். அவரோடு சேர்ந்து இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள்.  அறவாழி அரண்மனை வைத்தியரைக் கையோடு காமாயியுடன் அனுப்பினார். வைத்தியர் போகிறபோது அறவாழியின் காதோடு சொன்னார்: "உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கிறேன். நீர் பிரிந்தால் பிழைப்பான். இல்லாவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை."

ஒருவனுக்கு வைத்தியம் செய்யலாம். கட்டளை அப்படியே இருந்தால் நாளைக்கு இன்னொருவன் விழுவான். கட்டளையை எடுங்கள் என்று நேராகச் சொன்னாலோ ராஜா வீம்புக்காகவே எடுக்கமாட்டான். அறவாழி எழுந்து கைகூப்பினார்.

"மகாராஜா, உங்கள் ஆணையை மதிக்காத இரண்டு வேலைக்காரர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் நீங்களே சிம்மாசனத்தை விட்டு எழுந்திருப்பீர்கள்."

"துரோகம்!" என்று கத்தினார் சந்திரசூடர்.

"யார் அவர்கள்? கொண்டுவாரும்!" என்றான் ராஜா.

"தாமாகவே வருவார்கள். நாளைக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, சுவர் வேலையாட்களுக்குப் போட்ட கட்டளைப்படியே நீங்களும் மணியக்காரரும் இங்கே உட்கார்ந்திருங்கள். யாரும் உங்களை எழுப்பாவிட்டால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

சந்திரசூடருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மந்திரி தானாக வந்து மாட்டிக்கொண்டாரே!

மறுநாள் சபை கூடியது. நாள் முழுக்கத் தாகம் தெரியக்கூடாது என்று சந்திரசூடர் விடியுமுன்னே ஒரு பானை நீராகாரத்தைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு வந்திருந்தார். வெயில் ஏறுமுன்னே நெளிய ஆரம்பித்தார். காலை மாற்றிப் போட்டார், மீசையைக் கடித்தார், கடைசியில் "ஐயோ!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சபை கொல்லென்று சிரித்தது. அறவாழி மட்டும் சிரிக்கவில்லை. காமாயி வீட்டிலிருந்து இன்னும் சேதி வரவில்லை.

ராஜா அசையவில்லை. மத்தியானம் அவன் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. "பார்த்தீரா, என்னை எழுப்ப ஆளில்லை!" என்றான். பொழுது இறங்குகிற வேளையில் அவன் முகம் மாறியது. பல்லைக் கடித்துப் பார்த்தான். பிறகு எழுந்து போனான்.

திரும்பி வந்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

"மந்திரியாரே, கொஞ்சம்தான் வந்தது. மஞ்சள் கரைத்த மாதிரி. தீயாய் எரிந்தது. ஏன்?"

"உங்களை எழுப்பியவர்களைச் சொல்கிறேன், மகாராஜா. விலா எலும்புக்குக் கீழே, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் சிறுநீரகம் என்று இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு, அவரைவிதை போல வடிவம். உடம்பின் ரத்தமெல்லாம் திரும்பத் திரும்ப அவற்றின் வழியாகத்தான் போகிறது. நல்லதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழிவையும் மிஞ்சிய உப்பையும் தண்ணீரில் கரைத்து இரண்டு மெல்லிய குழாய் வழியாகக் கீழே ஒரு பைக்கு அனுப்பும். பை நிறைந்தால் ராஜாவானாலும் எழுந்திருக்க வேண்டியதுதான்."

"மணியம் முன்னாலேயே ஓடினாரே?"

"நிறையக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். வேண்டாத தண்ணீரை அவை வெளியே தள்ளின. உங்களிடம் தண்ணீரே இல்லை. இருந்ததை உடம்புக்குச் சேமித்துவிட்டு, கழிவைக் கரைக்க எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் செலவழித்தன. அதனால்தான் கொஞ்சம், அதனால்தான் எரிச்சல். நீங்கள் நிழலில் இருந்தீர்கள், சாமரம் வீசினார்கள். சுவரில் கல் சுமக்கிறவனுக்குத் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விடுகிறது. ஒன்றும் மிஞ்சாதபோது அவை வேலையை நிறுத்திவிடும். வெளியே போகவேண்டிய நஞ்சு ரத்தத்திலேயே தங்கும். சடையனுக்கு நடந்தது அதுதான்."

யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினார்கள். ராஜா மடமடவென்று பாதி குடித்தான். பிறகு நிறுத்திவிட்டு, கையிலிருந்த சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கட்டளை போயிற்று. சுவர் நெடுகத் தண்ணீர்ப்பானை வையுங்கள். வேண்டும்போது குடிக்கட்டும், வேண்டும்போது ஒதுங்கட்டும். அந்தப் பானைகளை நிரப்புகிற வேலை மணியத்துக்கு. சுவர் முடிகிறவரை." சந்திரசூடரின் ஜரிகைத் தலைப்பாகை அன்றைக்கே தலையில் பானை சுமக்கும் சும்மாடாயிற்று.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழியின் கழுத்தில் போட்டான். அவரோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே காமாயி வந்து நின்றாள், மூச்சு வாங்க. சபையில் சொல்லக்கூடாத வார்த்தை என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மகுடவர்மன் படியிறங்கி அவள் முன்னே போனான். சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டான்:

"அம்மா, உன் புருஷனுக்கு நீர் பிரிந்ததா?"

"பிரிஞ்சுது மகாராசா," என்றாள் காமாயி. "ஒரு கையளவு பிரிஞ்சுது." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.